திருடன் கழுவி வைத்த மூன்று பிரஷ்கள்

அத்தியாயம் 7

திருட வந்தவன் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். கொஞ்சம் ஏமாந்தவன் மாட்டிக்கொண்டு உதை வாங்குவான். வந்த இடத்தில் கழுவித் துடைத்து ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் போன திருடனை ஷெஹாத்தா தன் முப்பத்திரண்டு வயதில் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"மேடம், வந்தவன் திருடனா, புதுசா வீட்டுக்கு வந்த மருமகளா?" என்றான்.

மேடம் இன்ஷிராஹ் தர்பூசணி விதை ஒன்றை முன்பல்லால் உடைத்து, தோலை உள்ளங்கையில் துப்பிக்கொண்டாள். குடும்ப நீதிமன்றத்தில் இருபது வருஷம் எழுத்தராக இருந்து, புருஷன் பெண்டாட்டி சண்டைகளை மூட்டை மூட்டையாக எழுதித் தள்ளிவிட்டு, இப்போது எகிப்தின் தும்யாத் ஊரில் துப்பறிகிறாள். ஷெஹாத்தா அவளுடைய உதவியாளன். பக்கத்து ஊர் மன்சூராவிலிருந்து டுக்டுக் ஆட்டோவோடு வந்தவன். அவளுக்கு வண்டியும் அவன்தான், வாயும் அவன்தான்.

அவர்கள் நின்றிருந்தது ஹாஜி பஸ்யூனியின் மரச்சாமான் பட்டறையில், வார்னிஷ் அறையில். நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி, பாதி வார்னிஷோடு நின்றது. வியாழக்கிழமை அது தந்தா ஊரில் ஒரு கல்யாணப் பெண்ணின் வீட்டில் இருந்தாக வேண்டும். இன்று செவ்வாய்.

காணாமல் போனது ஒரு பிரஷ்.

கேட்டவன் சிரிப்பான். ஆனால் அது பட்டறையின் வார்னிஷ் மேஸ்திரி, ஊரே 'உஸ்தா' என்று மரியாதையாக அழைக்கும் மித்வல்லியின் பிரஷ். அந்த பிரஷ் பட்ட மரத்தில் முகம் பார்த்து மீசை திருத்தலாம் என்பார்கள். அதற்கென்று தனிக் கண்ணாடி ஜாடி; கைப்பிடி ஓட்டையில் கம்பி கோர்த்து, முடி அடியில் படாமல் டர்பன்டைனில் தொங்கவிட்டிருப்பார்கள். ஜாடி இருந்தது. கம்பியும் ஒழுங்காகச் சுருட்டி ஜாடிமேல் வைக்கப்பட்டிருந்தது. பிரஷ்ஷைத்தான் காணோம்.

அதோடு விட்டானா? அடிப்பூச்சுக்காரர்கள் அழுக்கோடு போட்டுவிட்டுப் போன மூன்று பிரஷ்களை எடுத்து, கழுவி, சீவி, செய்தித்தாளில் சுற்றி, வெள்ளை நூலால் கட்டி ஆணியில் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"என்ன பார்க்கறதுக்கு இருக்கு?" ஹாஜி பஸ்யூனி தொப்பையைத் தடவிக்கொண்டு கத்தினார். "எடுத்தவன் இதோ உட்கார்ந்திருக்கான். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்ற வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள எங்க வெச்சிருக்கேன்னு சொல்லலை, போலீஸ்தான்."

மூலையில் குந்தியிருந்தவன் ரஜப். பட்டறையின் ஸ்பிரே கன்காரன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். திருடன் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் தும்யாத்தில் எந்தப் பட்டறையும் அவனை வாசல் கூட்டக்கூட வைத்துக்கொள்ளாது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தான்.

"நான் சும்மா வாய் விட்டேன் மேடம்," என்றான். "அந்தக் கிழட்டு பிரஷ்ஷை ஒரு நாள் நைல் ஆத்துல வீசறேன்னு சொன்னேன். நெஜம்தான். அதுக்காக வீசிடுவேனா? உஸ்தாவும் நானும் தினம் இப்படித்தான் பேசிக்குவோம். பிரஷ்ஷுக்குக் குளியல், சோப்பு, சீப்பு, போர்வை! என் ஸ்பிரே கன் இதெல்லாம் கேக்குமான்னு கிண்டல் பண்ணுவேன்."

"கேட்டீங்களா?" என்றார் ஹாஜி. "வாக்குமூலம்!"

இன்ஷிராஹ் மேஜையிலிருந்த ஓர் அழுக்கு பிரஷ்ஷை எடுத்து ரஜப்பிடம் நீட்டினாள். "இதைக் கழுவு."

ரஜப் கழுவினான். தின்னர் டப்பாவில் முக்கி, டீயில் சர்க்கரை கலக்குவதுபோல நாலு சுற்று சுற்றினான். சுவரில் இரண்டு அடி அடித்தான். அப்படியே டப்பாவுக்குள் மூக்கு நசுங்க நட்டு வைத்துவிட்டு, "ஆச்சு," என்றான்.

பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த உஸ்தா மித்வல்லியின் தொண்டையிலிருந்து பெற்ற பிள்ளையை யாரோ அறைந்ததுபோல ஒரு முனகல் வந்தது.

"நடிக்கிறான்," என்றார் ஹாஜி.

"உலக மகா நடிகனாலயும் இவ்வளவு கேவலமா ஒரு பிரஷ்ஷைக் கழுவ முடியாது ஹாஜி," என்றாள் இன்ஷிராஹ். "அந்த மூணையும் கழுவினது இவன் இல்லை."

"மூணையும் உஸ்தாவே கழுவியிருப்பார். அதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

எல்லோரும் உஸ்தாவைப் பார்த்தார்கள். அவர் தலைக்கு மேலே சுவரில் புத்தம்புதிய கேடயம் ஒன்று மின்னியது. பித்தளையில் வார்த்த கை; கீழே "தங்கக் கை" என்று எழுத்து. ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் வியாபாரிகள் எல்லாம் மண்டபம் பிடித்து, மைக் கட்டி, அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஆமா," என்றார் உஸ்தா, தரையைப் பார்த்து. "நான்தான் கழுவினேன்."

"அப்ப இதையும் சுத்திக் காட்டுங்க," என்றாள் இன்ஷிராஹ்.

உஸ்தா ஒரு காய்ந்த பிரஷ்ஷைத் தடவி எடுத்து, செய்தித்தாளை வலது கையால் உருட்டி, நுனியை மடித்துச் செருகினார். நூலைத் தேடவே இல்லை.

இன்ஷிராஹ் ஆணியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஷெஹாத்தாவிடம் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு ஞானம் பரவியது. கூடவே வாயில் எச்சிலும் ஊறியது.

"மேடம், இது வாத்து முடிச்சு."

"என்னது?"

"வயிறு நிறைய வெங்காயம் அடைச்ச வாத்து மேடம்! உங்க ஊர் வாத்துதானே! வெங்காயம் வெளியில ஓடிடாம காலைச் சேர்த்துக் கட்டுவாங்க பாருங்க, அந்த முடிச்சு. இந்த முனையை ஒரு இழு இழுத்தா..." இழுத்தான். பொட்டலம் மலர்ந்தது. "கை சுடாம அவுந்துடும். ஆம்பளைங்க யாரும் இந்த முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை. அவங்க அவுக்கத்தான் லாயக்கு."

"ஏழு மாசமா என்கூட சுத்தறான்," என்றாள் இன்ஷிராஹ் பொதுவாக. "இன்னிக்குத்தான் வேலை பார்த்திருக்கான்."

பிறகு உஸ்தாவின் முக்காலிக்கடியில் குனிந்து பார்த்தாள். தெருவோரத்து மொச்சை சாண்ட்விச் சுற்றிய காகிதம் இரண்டு கசங்கிக் கிடந்தது.

"வீட்டுச் சாப்பாடு வரலையா உஸ்தா?"

"அவளுக்கு உடம்பு சரியில்லை."

ரஜப்புக்குச் சாகப் போகிற நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லை மேடம். நேத்து மத்தியானம் கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க. தெருவுக்கே தெரியும். இல்லைன்னா தினம் பன்னெண்டரைக்கு டான்னு கேரியரோட வந்துடுவாங்க. உள்ள போய்க் கதவைச் சாத்தினா ரெண்டு மணி நேரம்! கேட்டா தூசி வந்துடுமாம். அறுபது வயசுல என்னா சாப்பாடோ!"

அடிப்பூச்சுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உஸ்தாவின் காது மடல் சிவந்தது. ஆனால் அவர் ரஜப்பைத் திட்டவும் இல்லை, அவன் திருடவில்லை என்று சொல்லவும் இல்லை. அந்த மௌனம் ஷெஹாத்தாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஷெஹாத்தா, வண்டியை எடு," என்றாள் இன்ஷிராஹ்.

டுக்டுக் நைல் கரையோரமாக, முகத்துவாரத்தை நோக்கிக் குதித்துக்கொண்டு போனது. உஸ்தாவின் மனைவி தஃபீதாவுக்கு அண்ணன் வீடு அங்கே, மீனவர் குடியிருப்பில்.

"கேஸ் முடிஞ்சுது," என்று ஷெஹாத்தா ஹாரனை அழுத்தினான். "புருஷன் மேல கோபம். அவர் உசுரே பிரஷ்ல இருக்கு. தூக்கிட்டுப் போயிட்டாங்க. என் பெரியம்மா இப்படித்தான் பெரியப்பாவோட பல் செட்டை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. பத்து நாள் கஞ்சிதான்."

"பழிவாங்கற கோபத்துல இருக்கறவ அழுக்கு பிரஷ் மூணைக் கழுவிட்டா போவா?"

"அது பழக்க தோஷம் மேடம்."

"அதேதான். எங்க வந்தது அந்தப் பழக்கம்?"

ஷெஹாத்தா மறுபடி ஹாரனை அழுத்தினான்.

தஃபீதாவின் அண்ணன் வாசலிலேயே வலை பின்னிக்கொண்டிருந்தார். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கறீங்களா, இல்லை லேசான வயித்தோட நிம்மதியாத் தூங்கறீங்களா?" என்று, தும்யாத்காரர்களின் கஞ்சத்தனத்தைப் பற்றி ஊர் சொல்லும் பழைய ஜோக்கை முகம் மாறாமல் எடுத்து விட்டார்.

"தும்யாத்காரங்க விருந்தோம்பலைக் கேள்விப்பட்டிருக்கேன் மாமா," என்றான் ஷெஹாத்தா. "மத்தியானத்துலயே தூங்க வெச்சிடுவீங்கன்னு தெரியாது."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே தஃபீதா வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு முக்காடு, கூரான பார்வை. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் அவள் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. உள்ளே போனாள். ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் பழுப்பேறிய காகிதமும் எடுத்து வந்தாள்.

"நான் திருடி இல்லை. படிச்சுப் பாருங்க."

அது அவளுடைய கல்யாணச் சீர்ப்பட்டியல். இன்ஷிராஹ் பழைய நீதிமன்றக் குரலில் வாசித்தாள்: "கட்டில் ஒன்று. கண்ணாடி அலமாரி ஒன்று. செம்புப் பாத்திரம் ஆறு. கம்பளம் இரண்டு..." விரல் கீழே இறங்கி நின்றது. "பத்தொன்பதாவது, வார்னிஷ் பிரஷ் ஒன்று. இத்தனையும் மணப்பெண்ணின் சொத்து என ஒப்புக்கொள்கிறேன். மித்வல்லி."

"எங்க அப்பாவும் வார்னிஷ்காரர்தான். மருமகனும் அதே தொழில். பிரஷ் கொடுத்தா அவர் கைக்குப் போயிடும்னு, பட்டியல்ல என் பேர்ல எழுதிக் கொடுத்தார். எங்க அப்பா விவரமானவர்."

"சட்டப்படி நீங்க எடுத்தது உங்க சொத்து," என்றாள் இன்ஷிராஹ். "திருட்டே நடக்கலை."

ஷெஹாத்தா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, டுக்டுக் சாவியைச் சுழற்றினான். இன்ஷிராஹ் நகரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, பிரஷ்ஷை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முப்பது வருஷத்து முடி, புதிதுபோலப் படிந்திருந்தது. ஆனால் நுனி நேராக இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது.

"திரும்பச் சுத்திக் கொடுங்களேன்."

தஃபீதா பிரஷ்ஷை வாங்கினாள். முதலில் விரல்களாலேயே முடியை நீவினாள். காகிதத்தை உருட்டினாள். நூலைச் சுற்றி வாத்து முடிச்சுப் போட்டாள். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்தது. எல்லாம் இடது கையில் முடிந்தது.

"செருப்பு தேயறதைப் பார்த்தா நடக்கறவன் யாருன்னு சொல்லிடலாம்," என்றாள் இன்ஷிராஹ். "பிரஷ்ஷும் அப்படித்தான். உஸ்தாவுக்கு வலது கைப் பழக்கம், காலையில பார்த்தேன். இது இடது கையில தேஞ்ச பிரஷ். நீங்க எத்தனை வருஷமா அடிக்கறீங்க?"

வாசலில் அண்ணனின் வலை ஊசி நின்றது.

"ஏழு," என்றாள் தஃபீதா.

ஷெஹாத்தா கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. வார்னிஷ் வழிஞ்சாத் தெரியாது, முடி ஒட்டினாத் தெரியாது. மூக்கு மட்டும் நல்லா இருக்கு, வாசனையை வெச்சே பதம் சொல்லுவார். வெளியில தெரிஞ்சா வேலை போச்சு. நான் கேரியரை எடுத்துக்கிட்டுப் போவேன். கதவைச் சாத்திப்போம். வார்னிஷ் அறையில தூசின்னு சொன்னா எந்த முதலாளியும் கதவைத் தட்ட மாட்டான். அவர் சாப்பிடுவார், நான் அடிப்பேன்."

"அந்த ரெண்டு மணி நேரம்!" ஷெஹாத்தா தலையில் அடித்துக்கொண்டான். "பட்டறையே என்னென்னமோ நினைச்சுட்டு இருந்தது."

"நினைக்கட்டும். அதுல அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட." தஃபீதா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "சின்ன வயசுல இடது கையால சோறு எடுத்தா அடி விழும் மேடம். வார்னிஷ் மட்டும் எந்தக் கையால அடிச்சா என்னன்னு அப்பா விட்டார். ஏழு வருஷம் யாருக்கும் சொல்லாம அடிச்சேன், அதுல எனக்கு வருத்தமே இல்லை. ஞாயித்துக்கிழமை மேடையில அவர் பேசினதைக் கேட்டீங்களா? அல்லாவுக்கு நன்றி சொன்னார். ஹாஜிக்குச் சொன்னார். டீ போடறவனுக்குச் சொன்னார். கடைசியா பிரஷ்ஷுக்கு நன்றி சொன்னார் மேடம். பிரஷ்ஷுக்கு! எல்லாரும் கை தட்டறாங்க. அதைப் பிடிச்சவ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கேன்."

இன்ஷிராஹ் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தாள். ஷெஹாத்தா குனிந்து சாவியைப் பொறுக்கினான்.

"அந்த மூணு பிரஷ்?" என்று கேட்டான், வேறெதுவும் கேட்கத் தெரியாமல்.

"கோபம் அவர் மேல. பிரஷ் என்ன பாவம் பண்ணுச்சு? அப்படியே விட்டா ராத்திரிக்குள்ள கட்டையாயிடும். டர்பன்டைன்ல மூணு தடவை, அப்புறம் வெதுவெதுன்னு தண்ணி, ஆலிவ் சோப்பு. அரை மணி நேர வேலை. நான் கழுவறேன், அவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். தங்கக் கை இனிமே தானே அடிச்சுக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நல்லது," என்றாள் இன்ஷிராஹ். "ஆனா பழி ரஜப் மேல விழுந்திருக்கு. அஸர் பாங்குக்கு போலீஸ் வரும்."

தஃபீதா நிமிர்ந்தாள். "ரஜப்பா? அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"வாயே திறக்கலை."

அவள் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் கறுத்தது. பிரஷ்ஷை எடுத்தாள், செருப்பில் காலை நுழைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"நானா எப்படிப் போவேன்? கோவிச்சுக்கிட்டு வந்தவ கூப்பிடாமத் திரும்பிப் போனா ஊர் சிரிக்கும். அண்ணன் தலை நிமிர முடியாது. அவர் வரணும். நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து கூப்பிடணும். அதுதானே முறை?"

மணி மூன்றாகப் போகிறது. முறையா, ரஜப்பா? ஷெஹாத்தா எஜமானியைப் பார்த்தான். இன்ஷிராஹ் நிதானமாக ஒரு விதையை உடைத்தாள். கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹாஜி, பிரஷ் கிடைச்சுடுச்சு. திருட்டு இல்லை. பிரஷ் கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்கு வந்திருக்கு."

"என்ன உளர்றீங்க மேடம்?"

"முறைப்படி சமாதானம் பண்ணித்தான் கூட்டிக்கிட்டுப் போகணும். உஸ்தாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, அவருக்கு வழி தெரியும். ரஜப்பையும் கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பெரியவங்க, ஒரு பெட்டி ஸ்வீட். பாங்குக்கு முன்னால வந்தா வியாழக்கிழமை அலமாரி தந்தா போகும். இல்லைன்னா அலமாரி உங்க தலையில."

"பிரஷ்ஷுக்கு ஸ்வீட்டா?"

"நல்ல ஸ்வீட்டா வாங்குங்க. ரொம்பக் கோபத்துல இருக்கு."

அரை மணி நேரத்தில் பட்டறை லாரி வந்து நின்றது. ஹாஜி இறங்கினார், இரண்டு பெரியவர்கள் இறங்கினார்கள், ஸ்வீட் பெட்டியோடு ரஜப் இறங்கினான். கடைசியாக உஸ்தா மித்வல்லி. கேடயத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். விஷயம் என்னவென்று அவருக்கு மட்டும் தெரியும். படியைக் காலால் துழாவித் துழாவி ஏறினார்.

"எங்க பிரஷ்?" என்றார் ஹாஜி. "எவன் எடுத்தான்? இப்ப சொல்லுங்க, இல்லைன்னா ரஜப்பை இங்கேயே..."

உஸ்தா ரஜப் நின்ற திசையில் பார்த்தார். பிறகு மனைவி நின்ற திசையில். இன்ஷிராஹ் ஒதுங்கி நின்றாள். அது அவர் சொல்ல வேண்டியது.

"ரஜப் எடுக்கலை," என்றார். "காலையிலேயே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு வாயை மூடிட்டிருந்தேன். மன்னிச்சுடு ரஜப்." ஹாஜி பக்கம் திரும்பினார். "ஹாஜி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஏழு வருஷமா நீங்க வித்த வார்னிஷ் என் வார்னிஷ் இல்லை. இவளோடது. பிரஷ்ஷும் இவளோடது, கையும் இவளோடது. மேடையில சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரலை தஃபீதா. வீட்டுக்கு வா."

ஹாஜி பஸ்யூனி வலைக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழு வருஷக் கண்ணாடி அலமாரிகள் அவர் கண்முன் ஊர்வலம் போயிருக்க வேண்டும். கடைசியில் அவருக்குள் இருந்த வியாபாரிதான் ஜெயித்தார்.

"வியாழக்கிழமைக்கு முடிஞ்சுடுமா உஸ்தா?"

மித்வல்லி பதில் சொல்ல வாயெடுத்தார். இன்ஷிராஹ் ஹாஜியின் முகவாயைப் பிடிக்காத குறையாகத் தஃபீதா பக்கம் திருப்பிவிட்டாள். "உஸ்தாவைத்தானே கேட்டீங்க? அவங்க அங்க நிக்கறாங்க."

தஃபீதா பிரஷ் பொட்டலத்தைத் திருப்பி முடிச்சைச் சரிபார்த்தாள். ஏழு வருஷம் காத்தவள், இன்னும் ஒரு நிமிஷம் அவர்களைக் காக்க வைத்தாள்.

"முடிஞ்சுடும்," என்றாள். "கதவு சாத்தித்தான் இருக்கும், தூசி ஆகாது. ஆனா சாவி என்கிட்ட. நான் அடிப்பேன். கழுவறது இவர்."

"கழுவறேன்," என்றார் மித்வல்லி அவசரமாக. "சீவறேன், சுத்தறேன், எல்லாம் பண்றேன்."

"முடிச்சு நான்தான் போடுவேன். உங்க முடிச்சைப் பார்த்திருக்கேன்."

ரஜப் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்வீட் பெட்டியைத் திறந்து நீட்டினான். மன்னிப்புக் கேட்டவருக்கு முதலில் கொடுக்காமல் பிரஷ்காரிக்கு முதலில் கொடுத்தான். மசூதியில் அஸர் பாங்கு ஆரம்பித்தது. அவன் அதைக் கண்ணை மூடிக் கேட்டான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

பாங்கு முடிந்ததும் மித்வல்லி கேடயத்தை இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினார். தஃபீதா வாங்கினாள். ஜன்னலோரம் கொண்டு போய், வார்னிஷ் வழிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பித்தளை விரல்களை எண்ணினாள். கட்டைவிரலைத் தடவினாள். பிறகு ஹாஜியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா, என்ன குறை?" என்றார் ஹாஜி.

"நல்லாத்தான் இருக்கு ஹாஜி," என்றாள். "ஆனா இது வலது கை."

ஹாஜி பஸ்யூனி கேடயத்தைப் பார்த்தார். தஃபீதாவின் கையைப் பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ, பித்தளைக் கடைங்களா? போன வாரம் ஒரு கை வாங்கினேனே... ஆமாங்க, அதேதான். இடதுல கிடைக்குமா?"